குற்ற ஒப்புதலும் எதிரியின் பாதுகாப்பும்

"நானே செய்தேன்" என்று எதிரி பொலிசாரிடம் கூறிவிட்டால், அதன்பின் அவனுடைய சட்டத்தரணி வாதிடுவதற்கு யாது உண்டு என வினவுவோர் பலர். இவ்வினாவுக்கு இலங்கைச் சட்டம் நெடுங்காலத்துக்கு முன்னரே விடை கூறியுள்ளது.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டத்தை அடியொற்றி எழுந்தது. பொலிசு உத்தியோகத்தரிடம் செய்யப்பட்ட குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக நிரூபித்தல் ஆகாது என்பது அதன் 25ஆம் பிரிவு. காவலில் இருப்பவன் துணையற்றவன். அச்சம் மேலிட்டால் நா எதனையும் கூறும். இதனாலேயே சட்டம் இவ்வேலியை இட்டது. அவ்வேலியில் ஒரு சிறு வாயிலும் உண்டு. எதிரி காட்டிய இடத்தில் கத்தியொன்று அகப்படுமாயின், அக்கண்டுபிடிப்போடு நேரே தொடர்புடைய சொற்களை மட்டும் 27ஆம் பிரிவு ஏற்கும். "கத்தியைக் கிணற்றோரம் புதைத்தேன்" என்பது சான்றாகும். "அதனாற் குத்தினேன்" என்பது சான்றாகாது. இவ்வெல்லையைக் காத்தல் சட்டத்தரணியின் கடமை.

1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் இம்முறையைத் தலைகீழாக்கியது. உதவிப் பொலிசு அத்தியட்சருக்குக் குறையாத பதவியினரிடம் அளிக்கப்பட்ட ஒப்புதலை அதன் 16ஆம் பிரிவு சான்றாக்கிற்று. அவ்வொப்புதல் அச்சுறுத்திப் பெறப்பட்டதென நிரூபிக்குஞ் சுமையும் எதிரியின் தோளில் ஏறிற்று. மூடிய அறையில் நிகழ்ந்ததற்கு அவன் யாரைச் சாட்சி அழைப்பான்?

1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் இத்தகைய ஒப்புதலொன்றையே ஆதாரமாகக் கொண்டு ஒருவருக்கு 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவர் அறிந்தது தமிழ் மாத்திரமே. ஒப்புதலோ சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. மருத்துவ அறிக்கை அவர் உடலில் தழும்புகள் இருந்தமையைக் கூறியது. எனினும் ஒப்புதல் ஏற்கப்பட்டது. வெளியாரான மொழிபெயர்ப்பாளர் இன்றி ஒப்புதல் பெறப்பட்டமையும், நிரூபிக்குஞ் சுமை எதிரிமேற் சுமத்தப்பட்டமையும் நீதியான விசாரணைக்கு மாறானவை என 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழு கருதியது. ஆயினும் 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அக்கருத்தின்படி தண்டனையை மாற்ற மறுத்தது.

இவ்வழக்கு எதிரிக்காக வாதிடுவோர்க்குக் கற்பிப்பது யாது? பாதுகாப்பு என்பது விசாரணை நாளன்று தொடங்குவதன்று. காயம் இருப்பின் தாமதமின்றி மருத்துவர் அதனைக் காணவேண்டும். காயத்தின் காலமும் அறிக்கையிற் குறிக்கப்படவேண்டும். முறைப்பாடு முதல் வாய்ப்பிலேயே நீதவான் முன் வைக்கப்படவேண்டும். வாக்குமூலம் எம்மொழியிற் கேட்கப்பட்டது, எம்மொழியில் எழுதப்பட்டது, யார் மொழிபெயர்த்தார் என்பன ஒவ்வொன்றாக வினவப்படவேண்டும்.

குற்றவாளி தப்பிவிடுவானே என்ற அச்சம் இயல்பானது. ஆனால் அச்சத்தாற் பெற்ற சொல்லைக் கொண்டு வழங்கும் தீர்ப்பில், உண்மைக் குற்றவாளி வெளியே உலாவவும் கூடும் என்பதை மறத்தலாகாது.