நம் வண்டியை நாமே பேணுதல்

பல்லாண்டுகள் பௌதிகம் கற்பித்தவன் நான். நான்கு வீச்சு எஞ்சின் எவ்வாறு இயங்குகிறது என்று வகுப்பில் வினவினால், மாணவர் பலர் கரும்பலகையில் படம் வரைந்து, உறிஞ்சுதல், அமுக்குதல், ஆற்றல் தருதல், வெளியேற்றுதல் என்னும் நான்கு வீச்சுகளையும் பிழையின்றி விளக்கிவிடுவர். அவர்களையே வாயிலில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் அருகே அழைத்துச் சென்று, "இதில் பழைய எண்ணெயை வடிக்கும் திருகு எங்கே உளது?" என்று கேட்டால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். அறிவு கரும்பலகையோடு நின்றுவிட்டது, கைக்கு இறங்கவில்லை. அந்த அறிவைக் கைக்கு இறக்குவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் சென்னையின் தொழில் வரலாற்றிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1955-ஆம் ஆண்டில் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் கூடி, என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தை இங்கே தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து உறுப்புகள் வந்தன. அவற்றைப் பொருத்தி 'புல்லட்' வண்டிகளை உருவாக்கினர் நம் தொழிலாளர். நாளடைவில் அவ்வுறுப்புகளையே இங்கு செய்யலாயினர். பொருத்தக் கற்றது, செய்யக் கற்றதற்கு முதற்படியாயிற்று.

நீங்கள் வண்டி செய்யப் போவதில்லை. அதைப் பேணப் போகிறீர்கள். அதற்கு முதற்கருவி ஸ்பேனர் அன்று. வண்டியோடு தரப்பெறும் கையேடே ஆகும். எண்ணெயின் வகை, அதன் அளவு, சங்கிலியின் தளர்ச்சி, சக்கரங்களின் காற்றழுத்தம் ஆகிய யாவும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். வண்டிக்கு வண்டி இவை வேறுபடும். ஆதலால் அண்டை வீட்டாரின் வண்டிக்குப் பொருந்துவது உங்கள் வண்டிக்கும் பொருந்தும் என்று கொள்ளற்க. அடுத்து, திருகின் தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்பேனர் வேண்டும். சற்றே பெரியதைக் கொண்டு திருகினால் அறுகோணத் தலையின் முனைகள் மழுங்கிவிடும். பின்னர் அதைக் கழற்றுவது பெரும்பாடு. பகல் வெளிச்சமும், சமதளமும், காற்றோட்டமும் உள்ள இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கழற்றும் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு பழந்துணியின்மீது பரப்பி வையுங்கள். அவ்வரிசையே திரும்பப் பூட்டுவதற்கு வழிகாட்டும்.

இனி எண்ணெய் மாற்றுதலைக் காண்போம். எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி, அடியிற் படிந்த கசடையும் உடன்கொண்டு வடியும். கொதிக்கும் சூட்டில் திறந்தாலோ கை வெந்துவிடும். வடிதட்டை அடியில் வைத்துத் திருகைக் கழற்றுக. முழுதும் வடிந்தபின், வாஷரைப் புதிதாக இட்டுத் திருகைப் பூட்டுக. இங்குதான் இளைஞர் தம் தோள்வலியைக் காட்ட விழைவர். எஞ்சினின் கூடு பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. எஃகுத் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் கூட்டின் மரை அறுந்துபோம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சினுக்கும், பற்சக்கரங்களுக்கும், கிளட்சுக்கும் ஒரே எண்ணெய்தான் பயன்படுகிறது. காருக்குரிய எண்ணெய்கள் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் கலந்துள்ளமையால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஆகவே கையேடு கூறும் வகையையே வாங்குக. வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டுதல் ஊர்க் கிணற்றுக்குச் செய்யும் தீங்காகும். மூடியுள்ள கலத்தில் அடைத்து, அதைப் பெற்றுக்கொள்ளும் பணிமனையில் ஒப்படையுங்கள்.

சங்கிலியைப் பேணுதல் அடுத்த பணி. தூசும் மணலும் எண்ணெயோடு கலந்தால் அரம்போல் அதனைத் தேய்க்கும். துடைத்து, தூய்மையாக்கி, உரிய எண்ணெயை மெல்லியதாக இடுக. இங்கே ஓர் எச்சரிக்கையை இருமுறை கூறுகிறேன்: எஞ்சின் ஓடும்போது சங்கிலியருகே துணியையோ விரலையோ கொண்டு செல்லாதீர்கள். எஞ்சின் ஓடும்போது சங்கிலியைத் தொடவே தொடாதீர்கள். துணியைப் பற்சக்கரம் கவ்வினால், கையை இழுத்துக்கொள்ள நேரமிராது. விரல்களை இழந்தோர் உண்டு. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் இட்டுக்கொண்டு, வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றியே இப்பணியைச் செய்க. தளர்ச்சியைச் சரிசெய்யும்பொழுது இருபுறக் குறிகளும் ஒத்திருத்தல் வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணும். அச்சின் நட்டை இறுக்கினோமா என்பதையும், பின்பிரேக் பிடிக்கிறதா என்பதையும் சோதித்த பின்னரே வண்டியில் ஏறுக.

எதைத் தொடலாகாது என்று அறிவதும் இக்கல்வியின் பகுதியே. எண்ணெயழுத்தத்தால் இயங்கும் டிஸ்க் பிரேக்கையும், எஞ்சினின் உட்பகுதியையும் தொடக்கத்திலேயே பிரிக்க முற்படாதீர்கள். பிரேக்கிற் செய்யும் பிழை நம் உயிரோடு நில்லாது. வீதியில் நடப்பவர் உயிரையும் கொள்ளும். உத்தரவாதக் காலத்தினுள் நிறுவனம் விதித்துள்ள பணிகளை அதன் பணிமனையிலேயே செய்வித்தல் முறை. ஐயம் எழுமிடத்து மெக்கானிக்கிடம் சென்று, அவர் செய்வதை அருகிருந்து பாருங்கள். ஸ்பேனரை ஒருமுறையேனும் கையிற் பிடித்தவனுக்கே அவருடைய விரல்களின் நுட்பம் விளங்கும். அவரை ஏவலாளாகக் கருதாது ஆசானாகக் கருதுவான்.

இதனால் மிஞ்சும் பணம் சிறிதே. பெறும் பேறு வேறு. தன் கையால் வண்டியைப் பேணுபவன் அதன் ஓசையை அறிவான். சங்கிலி சலசலப்பதையும், தரையில் புதிதாக ஒரு துளி எண்ணெய் சிந்தியிருப்பதையும் முதல்நாளே காண்பான். நெடுவழியில் நேரவிருந்த இடரை வீட்டு வாயிலிலேயே தடுத்துவிடுவான். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமணி நேரத்தை ஒதுக்கி, கையேட்டை எடுத்துக்கொண்டு, முதலில் சக்கரங்களின் காற்றையும் எண்ணெயின் அளவையும் மட்டுமே பாருங்கள். தொடக்கத்திற்கு அதுவே போதும்.