வந்த ஊரைச் சொந்த ஊராக்குதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய உரை)



"ஆசிரியரும் சமூகமும்" என்னும் பொருள் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி செயலாளர் தம்பி என்னைக் கேட்டுக்கொண்டார். அது பெரிய பொருள். அதில் ஒரு சிறு பகுதியையே நான் எடுத்துக்கொள்கிறேன். தன் ஊரை விட்டு அறியாத ஊருக்குப் படிப்பிக்கப் போகும் ஒருவர், பாடசாலை மணி அடித்து முடிந்தபின் யாரோடு பழகுவார்? எங்கே போவார்? இதுவே என் கேள்வி. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் எத்தனை ஆசிரியர்கள் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள் என்பதை இங்கே அமர்ந்திருக்கும் பெற்றோர்கள் அறிவீர்கள்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக நம் பலாங்கொடைக்கு வரும் ஏ-4 வீதியை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அந்த வீதி இங்கே நின்றுவிடுவதில்லை. பெலிஹுல்ஓயா, பெரகலை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் என்று ஓடி, காரைதீவையும் கல்முனையையும் கடந்து மட்டக்களப்பில் போய் முடிகிறது. காரைதீவுக்கு அருகில் ஒரு சிற்றூரே என் பிறந்த ஊர். 2003ஆம் ஆண்டில் நியமனக் கடிதத்தோடும் ஒரு தகரப் பெட்டியோடும் நான் இங்கே வந்து இறங்கினேன். ஒரே வீதியின் மேல்தான் இரண்டு ஊர்களும் இருக்கின்றன. ஆனால் வீதி ஒன்றாக இருந்தால் ஊர் ஒன்றாகிவிடுமா?

என்னைப்போல் வெளிமாவட்டங்களிலிருந்து ஆசிரியர்கள் இங்கே வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டப் பாடசாலை என்றால் முன்னாளில் லயத்து ஓர் அறையும், ஓராசிரியரும், ஒரு கரும்பலகையுந்தான். 1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் அதன் முழுப்பயன் தோட்டத்துப் பிள்ளையை எட்டவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின், 1977 முதற்கொண்டுதான் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. பாடசாலை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள், படிப்பிக்க ஆள் போதவில்லை. வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆசிரியர்கள் அனுப்பப்பட்டார்கள். வந்தவர்களில் பலர் நல்லவர்கள், வல்லவர்கள். ஆனால் நிலைத்தவர்கள் சிலரே.

ஏன் நிலைக்கவில்லை? மழை, குளிர், அட்டை, போக்குவரத்து என்று காரணம் சொல்வோம். அவையெல்லாம் உண்மைதான். ஆனால் என் அனுபவத்தில் அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல வேண்டுமானால் என் குற்றத்தையும் சொல்லியே ஆகவேண்டும்.

நான் வந்த புதிதில் எங்கள் பக்கத்து ஆசிரியர் மூவரோடு பட்டணத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். எங்கள் ஊர்ச் சமையல், எங்கள் ஊர்க் கதை. மாலையானால் இந்த ஊரைப் பற்றிக் குறை சொல்வதே எங்கள் பொழுதுபோக்கு. விடுமுறை விட்டால் முதல் பஸ்ஸில் ஊருக்குப் போய்விடுவோம். இப்படி இரண்டு ஆண்டுகள் கழிந்தன. எனக்கு இங்கே சமூகம் இல்லை என்று நான் எண்ணவில்லை. மூன்று பேர் இருக்கிறார்களே என்று எண்ணியிருந்தேன். உண்மையில் நாங்கள் நால்வரும் ஒரு சிறு தீவில் இருந்தோம்.

மொழி ஒன்றாயிருந்தும் அதிலும் ஒரு சுவர் இருந்தது. எங்கள் பக்கத்தில் சாதாரணமாக உரையாடுவதைக் "கதைத்தல்" என்போம். "பேசினார்" என்றால் ஏசினார் என்று பொருள். ஒரு நாள் ஒரு மாணவன் வந்து, "சேர், எங்கப்பா உங்ககிட்ட பேசணும்னு சொன்னாரு" என்றான். எதற்காக என்னை ஏச வருகிறார் என்று பகல் முழுவதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வந்த மனிதரோ, மகனின் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பணிவாக இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுப் போனார். இன்று சிரிக்கிறோம். அன்று சிரிப்பதற்கும் எனக்கு ஆள் இல்லை.

இரண்டாம் ஆண்டு மார்கழி விடுமுறையில் எனக்குக் கடுங்காய்ச்சல் வந்தது. அறைத் தோழர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். மூன்றாம் நாள் கதவைத் தட்டும் ஓசை கேட்டது. அதே மாணவனின் தகப்பனார், மேற்கணக்கிலிருந்து மழையில் இறங்கி வந்து, கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு நின்றார். நான் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "ரெண்டு வருசமா இருக்கீங்க. ஒரு நாளாச்சும் எங்க லயத்துப் பக்கம் வந்தீங்களா சேர்?"

"நீங்கள் கூப்பிடவில்லையே, அண்ணன்" என்றேன்.

"கூப்பிட்டா வருவீங்களோ மாட்டீங்களோ, எங்க வீட்டுத் தேத்தண்ணியக் குடிப்பீங்களோன்னு பயந்துகிட்டுத்தான் கூப்பிடல" என்றார்.

சபையோரே, அன்று எனக்கு விளங்கியது. அவர்கள் கூப்பிடட்டும் என்று நான் காத்திருந்தேன். நான் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். இப்படிக் காத்திருந்தே இரண்டு ஆண்டுகளைப் பாழாக்கிவிட்டோம். இடமாற்ற விண்ணப்பம் எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். அதை நான் அனுப்பவில்லை.

இது எனக்கு மாத்திரம் நேர்ந்ததன்று. அந்த மாணவன் வளர்ந்து, இப்போது கொரியா நாட்டில் அன்சான் என்னும் தொழில் நகரத்தில் வேலை செய்கிறான். 2004இல் கொரியா தொடங்கிய வேலை அனுமதி முறையின்கீழ் நம் நாட்டு வாலிபர் பலர், கொரிய மொழிப் பரீட்சையில் தேறி அங்கே செல்கின்றனர். அவன் ஒருமுறை என்னோடு தொலைபேசியில் கதைத்தபோது, "சேர், அன்னைக்கு நீங்க இங்க இருந்த மாதிரிதான் இன்னைக்கு நான் இங்க இருக்கேன்" என்றான். அந்த வார்த்தை என் நெஞ்சைத் தொட்டது. அதன்பின் அந்நாட்டைப் பற்றித் தேடிப் படித்தேன்.

கொரிய அரசாங்கம் 1995இல் ஒரு திட்டம் வகுத்து, ஆங்கிலம் படிப்பிப்பதற்கென அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா முதலிய நாடுகளிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்துப் பாடசாலைகளில் அமர்த்தி வருகிறது. நல்ல சம்பளமும் வீடும் உண்டு. ஆயினும் அவர்களுக்கும் என் கதைதான். ஆங்கிலம் பேசுவோர் கூடும் கடைகளிலேயே மாலைகளைக் கழித்து, ஒரு வருட ஒப்பந்தம் முடிந்ததும் பெட்டியைக் கட்டுவோர் பலர். அங்கே வேலை முடிந்தபின் உடன் பணியாற்றுவோர் யாவரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் வழக்கம் உண்டு. அதை "ஹ்வேசிக்" என்பார்கள். பல ஆரம்பப் பாடசாலைகளில் ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாள் மாலையில் கரப்பந்து விளையாடுவார்கள். மொழி புரியாவிட்டாலும் அந்தப் பந்தியில் உட்காரும் அயல்நாட்டார், பந்தை வலைக்கு மேலே தட்டத் தெரியாவிட்டாலும் மைதானத்தில் இறங்கும் அயல்நாட்டார், அங்கே தோழமை காண்கிறார். களைப்பென்று அறைக்குத் திரும்புகிறவர் தனித்துப் போகிறார்.

நம் நாட்டிலேயே இதற்கு உயர்ந்த முன்மாதிரிகள் உண்டு. லண்டன் மாநகரில் நாடக நடிகையாகப் பெயர் பெற்று, பெர்னாட் ஷா, கவிஞர் யேட்ஸ் ஆகியோரின் நட்பைப் பெற்றிருந்தவர் புளோரன்ஸ் ஃபார் அம்மையார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்களின் அழைப்பை ஏற்று 1912இல், ஐம்பது வயதைக் கடந்தபின், யாழ்ப்பாணம் வந்து இராமநாதன் மகளிர் கல்லூரியின் தலைமையை ஏற்றார். தமிழர் வழக்கங்களை மதித்து நடந்தார். தமிழ்க் கவிதைகளை மொழிபெயர்த்துத் தம் நண்பர் யேட்ஸுக்கு அனுப்பினார். 1917இல் கொழும்பிலேயே காலமானார். காலி மகிந்த கல்லூரிக்கு 1903இல் அதிபராக வந்த ஆங்கிலேயர் வுட்வார்ட், 1919 வரை அங்கே பணிபுரிந்தார். பாளி மொழியில் தோய்ந்து, பௌத்த நூல்கள் பலவற்றை ஆங்கிலத்தில் பெயர்த்தார். என் அயலூராகிய காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரும் 1931இல் கடல் கடந்து சென்று அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தவர்தாம்.

ஃபார் அம்மையாரிடமும் வுட்வார்ட் அவர்களிடமும் நான் காண்பது ஒன்று. கற்பிக்க வந்த இடத்திலே கற்கவும் தொடங்கினார்கள். கொடுக்க மாத்திரம் வந்தவனை ஊர் கும்பிடும். ஆனால் அவனோடு கூடி உட்காராது. ஏதாவது ஒன்றைக் கற்றுக்கொள்ள வந்தவனுக்கே ஊர் பாய் விரிக்கும்.

காய்ச்சல் தெளிந்தபின் நானும் அப்படியே செய்தேன். மாசி மாதம் மேற்கணக்கில் காமன் கூத்து நடந்தது. தப்பு அடிக்கும் பெரியவரிடம் போய், "ஐயா, எனக்கும் பழக்குங்கள்" என்றேன். இரண்டு கிழமையில் என் விரல் வீங்கியதே தவிர, தாளம் வரவில்லை. ஆனால் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு என் தனிமையும் போயிற்று. பட்டணத்துச் சந்தையிலே மரக்கறி விற்கும் சிங்களத் தாயாரிடம் நாளுக்கு ஐந்து சொல்லாகச் சிங்களம் படித்தேன். பிழையாகச் சொன்னால் திருத்துவார். சரியாகச் சொன்னால் ஒரு பிடி கீரை கூடப் போடுவார். ஆறு மாதத்தில் "மாத்தயா" என்றவர் "புத்தா" என்று அழைக்கத் தொடங்கினார். ஐயா என்ற நிலையிலிருந்து மகனே என்ற நிலைக்கு வர எனக்குப் பணம் செலவாகவில்லை. வெட்கத்தை விட்டதுதான் செலவு.

வாலிப நண்பர்களே, நாளை உங்களிற் சிலர் கொரியாவுக்கோ, கட்டாருக்கோ, கொழும்புக்கோ போவீர்கள். உங்களுக்கு நான் சொல்வது மூன்றுதான். முதலாவது, அவ்வூர் மொழியைப் பிழையோடாவது பேசுங்கள். இரண்டாவது, கிழமைக்கு ஒருமுறை தவறாமல் ஒரே இடத்துக்குப் போங்கள். அது விளையாட்டிடமாக இருக்கலாம், வாசிகசாலையாக இருக்கலாம், கோயிலாக இருக்கலாம். ஒரே முகத்தைப் பத்துமுறை கண்டபின்தான் மனிதர் மனம் திறப்பர். மூன்றாவது, நம்மவரோடு கூடுங்கள்; ஆனால் நம்மவரோடு மாத்திரம் கூடாதீர்கள்.

இனிச் சங்கத்தாருக்கும் பெரியோருக்கும் ஒரு விண்ணப்பம். புதிதாக வரும் ஆசிரியருக்கு நாம் என்ன செய்கிறோம்? வரவேற்பு வைக்கிறோம், மாலை போடுகிறோம், மேடையில் உட்கார வைக்கிறோம். அதன்பின் பிரியாவிடையின்போதுதான் மறுபடியும் மாலை. இது மரியாதை, நட்பாகாது. திருவிழாவுக்குப் பிரதம விருந்தினராக அழைப்பதைவிட, முதல் நாள் இரவு வாழைமரம் கட்டவும் தோரணம் பின்னவும் அழையுங்கள். உடன் நின்று வேலை செய்தவன் ஊரானாகிவிடுவான்.

ஆசிரியைகளின் நிலை இன்னும் கடினமானது. ஓர் ஆண் மாலையில் கடைத்தெருவுக்குப் போகலாம், மைதானத்துக்குப் போகலாம். தனியே வந்த ஓர் இளம் ஆசிரியை வெளியே இறங்கினால் ஊர் வாய் திறக்கிறது. இறங்காவிட்டால் நான்கு சுவர்தான் துணை. என்னோடு பணியாற்றிய ஆசிரியை ஒருவர் கணக்குப் பாடத்தில் மிகக் கெட்டிக்காரர். எட்டே மாதத்தில் போய்விட்டார். போகும்போது, "பிள்ளைகளை விட்டுப் போக மனமில்லை, ஆனால் ஐந்து மணிக்குப் பிறகு ஒரு மனித முகம் இல்லை" என்றார். அவ்வருடம் சாதாரண தர வகுப்புப் பிள்ளைகள் கணக்குக்கு ஆசிரியரில்லாமலே பரீட்சை எழுதினார்கள். தாய்மார்களே, அந்த நட்டம் யாருடையது? நம் பிள்ளைகளுடையதே அல்லவா? பாதுகாப்பான அறை ஒன்று தேடிக் கொடுத்து, கிழமைக்கு ஒரு மாலை ஒரு வீட்டில் சோறு போட்டு, "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று நாலு பேர் அறியச் சொல்லியிருந்தால் அவர் இருந்திருப்பார்.

ஆகையால் இச்சங்கம் இன்று ஒரு தீர்மானம் செய்யட்டும். புது ஆசிரியர் ஒருவர் இப்பகுதிக்கு வந்தால், ஒரு கிழமைக்குள் அங்கத்தவர் இருவர் அவர் கதவைத் தட்டவேண்டும். பெண் ஆசிரியையாயின் நம் தாய்மாரும் சகோதரிகளும் போகட்டும். கையில் ஒன்றும் கொண்டுபோக வேண்டியதில்லை. "எங்கள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடியுங்கள்" என்னும் ஒரு வார்த்தை போதும். வருவாரோ மாட்டாரோ என்று அஞ்சாதீர்கள். உள்ளே இருப்பவரும் அதே அச்சத்தோடுதான் கதவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மழையில் இறங்கி வந்து என் கதவைத் தட்டிய அந்தத் தொழிலாளி இன்று உயிரோடு இல்லை. அவர் தட்டியிராவிட்டால் நான் இன்று இம்மேடையில் நின்று "நம் பலாங்கொடை" என்று சொல்லியிருக்கமாட்டேன். அவர் செய்த தர்மத்தை இச்சங்கம் தொடர்ந்து செய்யவேண்டும்.