நின்றது நிற்கும், சென்றது செல்லும்

(பள்ளி மாணவர்க்கான அறிவியல் அரங்கொன்றில் ஆற்றிய உரை)



அண்மையில் ஒன்பதாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவனிடம், நியூட்டனின் முதல் இயக்க நெறி யாது என வினவினேன். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் பிழையாமல் ஒப்புவித்தான். மகிழ்ந்தேன். பின்னர், "தம்பி, எறிந்த பந்து கையை விட்டு நீங்கிய பின்னும் முன்னோக்கிச் செல்கின்றதே, அப்பொழுது அதனை முன்னே தள்ளுவது எது?" என்றேன். "கை கொடுத்த விசை உள்ளிருந்து தள்ளுகின்றது, ஐயா" என்றான். நாக்கு ஒப்புவித்தது ஒன்று. உள்ளம் நம்பியிருந்தது அதற்கு நேர்மாறான மற்றொன்று!

அச்சிறுவனை நான் குறை கூறேன். ஏறத்தாழ 2,300 ஆண்டுகட்கு முன் வாழ்ந்த கிரேக்கப் பேரறிஞர் அரிசுட்டாட்டிலும், இயங்கும் பொருளுக்கு இயக்குவதொன்று இடையறாது வேண்டும் என்றே கருதினார். நாம் நாடோறும் காண்பதும் அவ்வாறே தோன்றுகின்றது. மாடு இழாவிடின் வண்டி நிற்கின்றது. மிதியாவிடின் மிதிவண்டி நிற்கின்றது. எனவே, விசை இல்லையேல் இயக்கமில்லை என முடிவு கட்டிவிடுகின்றோம்.

இங்குத்தான் நாம் ஏமாறுகின்றோம். வண்டி நின்றது விசை இல்லாமையால் அன்று, விசை இருந்தமையால்! உராய்வு என்னும் விசையே அதனைத் தடுத்து நிறுத்தியது. மணலில் உருட்டிய குண்டு ஒரு சாண் ஓடி நின்றுவிடும். அதே குண்டு வழவழப்பான கல்தரையில் நெடுந்தொலைவு ஓடும். உராய்வு குறையக் குறைய ஓடும் தொலைவு கூடுகின்றது. அப்படியாயின், உராய்வே இல்லாத இடத்தில்?

இத்தாலிய அறிஞர் கலிலியோ, சாய்ந்த பலகைகளில் குண்டுகளை உருட்டி இயக்கத்தை ஆராய்ந்தார். ஒரு சரிவில் இறங்கும் குண்டு, எதிர்ச்சரிவில் ஏறத்தாழ அதே உயரத்தை எட்டும். எதிர்ச்சரிவைத் தாழ்த்தத் தாழ்த்த, அவ்வுயரத்தை எட்ட அது இன்னும் தொலைவு ஓடவேண்டும். சரிவே இல்லாத மட்டத்தரையாயின், தடுப்பாரின்றி அது ஓடிக்கொண்டே இருக்கும்! அவர்தம் இயக்க ஆய்வுகள் 1638-இல் நூலாக வெளிவந்தன. நியூட்டன் 1687-இல் அவ்வுண்மையைத் தம் முதல் நெறியாக நிறுவினார்.

அந்நெறி கூறுவது யாது? விசை இயக்கத்தைக் காப்பதன்று, இயக்கத்தை மாற்றுவது. நிற்பதைக் கிளப்பவும், செல்வதை நிறுத்தவும், விரைவைக் கூட்டவும் குறைக்கவும், திசையைத் திருப்பவுமே விசை வேண்டும். அஃதில்லாவிடத்து நின்றது நிற்கும். சென்றது ஒரே விரைவில் நேர்கோட்டில் செல்லும். தன் நிலையைத் தானே மாற்றிக்கொள்ளாத இவ்வியல்புக்கு நிலைமம் என்று பெயர். பாருங்கள், பெயரிலேயே பொருள் அடங்கியுள்ளது! உரசித் தடுப்பது உராய்வு. விரைவு முடுகுவது முடுக்கம். ஈழத்துப் பள்ளி நூல்கள் அதனை ஆர்முடுகல் என்னும். சொல்லே ஆசிரியராய் நின்று பாதிப் பாடத்தை நடத்திவிடுகின்றது. இதனைப் புறக்கணித்துவிட்டு, பொருள் விளங்கா ஒலிகளைப் பிள்ளைகளின் வாயில் திணிப்பது எவ்வகையில் முறை?

இந்நெறிக்குச் சான்று வேண்டுமா? அமெரிக்கா 1977-இல் விடுத்த வாயேசர்-1 என்னும் விண்கலம், 2012-இல் கதிரவனின் காற்று பரவியுள்ள எல்லையையும் கடந்தது. நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் விரைவில் இன்றும் அது செல்கின்றது. அதனை முன்னே தள்ளும் பொறி ஏதும் இன்று இயங்கவில்லை. தடுக்கக் காற்றில்லை, உராயத் தரையில்லை, கதிரவனின் ஈர்ப்பு மட்டுமே அதன் விரைவை மிகச் சிறிதாகக் குறைத்து வருகின்றது.

இளைஞர்களே, இது தேர்வுக்கு மட்டும் உரிய செய்தியன்று. உங்கள் உயிர்க்கு உரிய செய்தி. ஓடும் பேருந்திலிருந்து குதிப்பவனின் கால் தரையில் ஊன்றியதும் நின்றுவிடும். உடலின் மேற்பகுதியோ பேருந்தின் விரைவோடே முன்செல்லும். தலை தரையில் மோதும். தள்ளியவர் எவருமிலர், தள்ளத் தேவையுமில்லை!

இன்னொன்றும் கேளுங்கள். நொடிக்கு 10 மீட்டர் விரைவில் செல்லும் ஊர்தி, நொடிதோறும் 5 மீட்டர் விரைவு குறையுமாறு தடுக்கப்பட்டால், 10 மீட்டர் ஓடி நிற்கும். விரைவு 20 மீட்டராயின் 20 மீட்டரில் நிற்கும் என எண்ணுவீர்கள். இல்லை, 40 மீட்டர் ஓடியே நிற்கும்! விரைவு இருமடங்கானால் நிற்கும் தொலைவு நான்மடங்காகும். ஓட்டுநர் கண்டு உணர்ந்து தடையை அழுத்தும் முன் ஊர்தி ஓடும் தொலைவு இதற்கும் மேல். சாலையின் குறுக்கே ஓடும் சிறுவன் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டாவா?

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! நெறியை ஒப்புவிக்கக் கேட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். எறிந்த பந்தைக் காட்டி, "இதனை முன்னே தள்ளுவது எது?" என வினவுங்கள். "ஏதுமில்லை, அது தன் நிலைமத்தால் செல்கின்றது. ஞாலத்தின் ஈர்ப்பு அதனைக் கீழே வளைக்கின்றது; காற்று அதனைத் தடுக்கின்றது" எனப் பிள்ளை தன் சொல்லில் விடை கூறும் நாளே, அப்பாடம் நடந்து முடிந்த நாள்.