மின்னஞ்சலில் மலரும் காதல் கதைகள்



நியூயார்க்கில் ஒரு நாளிதழ் அலுவலகம். காலை மணி பத்தைத் தாண்டிவிட்டது. கிசுகிசுப் பத்தி எழுதும் மெலிசா ஃபுல்லர் இன்னும் வந்து சேரவில்லை. கணினி தானாகவே அனுப்பும் கடிதம் ஒன்று மனிதவளத் துறையிலிருந்து அவளுக்கு வருகிறது. இன்றைக்கு 68 நிமிடம் தாமதம், இந்த ஆண்டில் இது 37ஆவது தடவை என்று அது கணக்குச் சொல்கிறது. பின்னாலேயே தோழி கேட்கிறாள், எங்கே போய்விட்டாய் என்று. ஆசிரியர் கேட்கிறார். கேள்விக்கு மேல் கேள்வி வந்து குவிகிறது. கடைசியில் மெலிசாவின் பதில் வருகிறது. பக்கத்து வீட்டில் தனியாக இருந்த 80 வயது மூதாட்டியை யாரோ தாக்கிவிட்டார்கள். நினைவின்றிக் கிடந்தவரைக் கண்டவள் இவள்தான். அந்த அம்மாள் வளர்த்த பெரிய நாயையும் பூனைகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் இப்போது இவள் தலையில்.

மெக் கேபட் எழுதி 2002இல் வெளிவந்த 'தி பாய் நெக்ஸ்ட் டோர்' நாவல் இப்படித் தொடங்குகிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மின்னஞ்சல்கள்தான். அவள் அழுதாள், அவன் சிரித்தான் என்று நமக்கு எடுத்துச் சொல்ல யாருமில்லை. ஆனாலும் சில கடிதங்களைப் படித்ததுமே அந்த அலுவலகம் முழுவதும் நமக்குப் பழக்கமாகிவிடுகிறது. உண்மையான அக்கறையோடு கேட்பவர் யார், வேலை நின்றுபோன கவலையில் கேட்பவர் யார், வம்பு பேச விஷயம் கிடைக்குமா என்று கேட்பவர் யார் என்பதெல்லாம் அவரவர் எழுத்திலேயே தெரிந்துவிடுகிறது.

அலுவலக மின்னஞ்சல்கள், குறுஞ்செய்திகள் வழியாகச் சொல்லப்படும் இத்தகைய காதல் நகைச்சுவை நாவல்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ரயிலில் படித்துவிட்டு மறந்துவிடும் புத்தகங்கள் என்று இவற்றை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவர் எழுதியதைப் படிக்க யாருக்கு உரிமை இருக்கிறது? உரிமையில்லாமல் படித்தவர் அதற்கு எப்படிப் பதில் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விகளைச் சிரிக்கச் சிரிக்கக் கேட்பவை இந்த நாவல்கள்.

கேள்வி பழையது. 1740இல் லண்டனில் சாமுவேல் ரிச்சர்ட்சன் என்ற அச்சகக்காரர் 'பமீலா' என்ற நாவலை வெளியிட்டார். சாதாரண மக்கள் பார்த்து எழுதுவதற்கென்று மாதிரிக் கடிதங்கள் அடங்கிய கையேடு ஒன்றை அவர் தயாரித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையிலிருந்து பிறந்த நாவல் இது. வீட்டு வேலை செய்யும் பதினைந்து வயதுப் பெண் தன் பெற்றோருக்கு எழுதும் கடிதங்கள்தான் கதை. அவளைத் தொந்தரவு செய்யும் எசமானன் அந்தக் கடிதங்களை இடைமறித்துப் படிக்கிறான். அவள் எழுதியதைப் படிக்கப் படிக்கத்தான் அவன் மனம் மாறுகிறது. அவள் கடிதத்தைத் திருட அவனுக்கு அதிகாரம் இருந்தது. அதைத் தடுக்க அவளுக்கு வழியில்லை. அந்த ஏற்றத்தாழ்வை இன்றைக்குப் படிக்கும்போது நெஞ்சு உறுத்துகிறது. பின்னால் வந்தவர்கள் சரிசெய்ய வேண்டியிருந்ததும் இதைத்தான்.

அடுத்து, 1879க்கு வருவோம். அமெரிக்காவில் எலா சீவர் தேயர் என்ற பெண் 'வயர்ட் லவ்' என்ற நாவலை எழுதினார். அவர் தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். கதாநாயகி நாட்டி ரோஜர்ஸும் தந்தி இயக்குபவள்தான். அதே கம்பியில், வேறொரு ஊர் நிலையத்திலிருந்து 'சி' என்ற ஒற்றை எழுத்தைப் பெயராகக்கொண்ட ஒருவர் அவளோடு பேசத் தொடங்குகிறார். ஆணா பெண்ணா என்பதே முதலில் தெரியாது. வேலைக்கு நடுவே தந்திக் கருவியின் கட்டு கடா ஒலியில் பேச்சு வளர்கிறது. சுவையான இடத்துக்குப் பேச்சு வரும்போது பார்த்து, ஏதாவது ஒரு வாடிக்கையாளர் முன்னால் வந்து நின்று சந்தேகம் கேட்பார். கம்பி பொதுக் கம்பி. அதில் இணைந்திருக்கும் மற்ற நிலையத்தாரும் கேட்டுக்கொண்டிருக்கலாம், நடுவில் புகுந்து கிண்டலும் செய்யலாம். ஒருநாள், நான்தான் அந்த 'சி' என்று சொல்லிக்கொண்டு ஓர் ஆள் நேரில் வந்து நிற்கிறான். பார்க்கச் சகிக்காத ஆள், பேச்சும் அப்படித்தான். நாட்டிக்கு மனம் ஒடிந்துபோகிறது. ஆனால் வந்தவன் போலி.

மின்னஞ்சல் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதைக்கு வேண்டிய எல்லாம் அமைந்துவிட்டன. அலுவலக வேலை, வேலை நேரத்தில் திருட்டுத்தனமான அரட்டை, முகம் தெரியாத ஒருவர், ஒட்டுக்கேட்கும் மூன்றாமவர், பொய்ப் பெயரில் வரும் ஆள். கேபட்டின் நாவலுக்கு வந்தால் அங்கேயும் பொய்ப் பெயர்தான். மூதாட்டியின் நெருங்கிய உறவினன் மாக்ஸ் ஒரு புகைப்படக் கலைஞன். அத்தைக்காக ஊர் திரும்ப அவனுக்கு மனமில்லை. அவருடைய சொத்தை விடவும் மனமில்லை. பழைய நன்றிக்கடன் ஒன்றைச் சொல்லிக்காட்டி, தன் பெயரில் போய் நாயைப் பார்த்துக்கொள்ளும்படி நண்பன் ஜான் டிரென்டை அனுப்புகிறான். ஜானோ, மெலிசாவின் நாளிதழுக்குப் போட்டியான இதழில் குற்றச் செய்திகள் எழுதுகிறவன். மெலிசாவுக்கு அவன் மாக்ஸ் என்ற பெயரில் எழுதுகிறான். தன் அண்ணனுக்கு ஜான் என்ற பெயரில் எழுதுகிறான். இரண்டையும் நாம் படிக்கிறோம், மெலிசா ஒன்றைத்தான் படிக்கிறாள். அவள் சந்தோஷமாக எழுதும் ஒவ்வொரு கடிதமும் நமக்குச் சிரிப்பையும் தருகிறது, அடிவயிற்றில் ஒரு கலக்கத்தையும் தருகிறது.

கடித நாவலுக்கு மின்னஞ்சல் புதிதாகக் கொடுத்தது வேகம். தபாலில் போகும் கடிதத்துக்குப் பதில் வர நாள் கணக்காகும். அதற்குள் கோபம் ஆறிவிடும், ஆசையும் ஆறிவிடும். மின்னஞ்சலில் இரண்டு நிமிடத்தில் பதில் வந்துவிடுகிறது. நாடக மேடையில் இருவர் எதிரெதிரே நின்று பேசும் சூடு கடிதத்துக்குள் வந்துவிட்டது. இதை மிக நுட்பமாகப் பயன்படுத்தியவர் ஆஸ்திரிய எழுத்தாளர் டானியல் கிளாட்டவர். ஜெர்மன் மொழியில் 2006இல் வந்த அவருடைய நாவல் ஆங்கிலத்தில் 'லவ் வெர்ச்சுவலி' என்ற பெயரில் கிடைக்கிறது. ஒரு பத்திரிகைச் சந்தாவை நிறுத்தச் சொல்லி எம்மி ரோத்னர் எழுதும் மின்னஞ்சல், முகவரியில் ஓர் எழுத்து கூடிப்போனதால் லியோ லைக்கே என்பவருக்குப் போய்ச் சேருகிறது. லியோ பல்கலைக்கழகத்தில் மொழி உளவியல் ஆராய்கிறவர், அதிலும் மின்னஞ்சல் உணர்ச்சியை எப்படிச் சுமந்து செல்கிறது என்று ஆராய்கிறவர். இது அலுவலகக் கதையன்று. ஆனால் ஒவ்வொரு கடிதத்தின் மேலேயும் எத்தனை நிமிடம் கழித்து, எத்தனை நாள் கழித்து அது வந்தது என்ற குறிப்பு இருக்கிறது. நிமிடங்களில் வந்துகொண்டிருந்த பதில் நாட்களாக நீளும்போது, ஒரு வரிகூடப் படிக்காமலேயே நமக்கு விஷயம் புரிகிறது. மௌனத்துக்கும் நேரம் குறித்துக் காட்டிய புத்தகம் அது.

அலுவலகத்துக்குத் திரும்புவோம். இந்த வகையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான நாவல் ரெயின்போ ரோவல் எழுதி 2011இல் வந்த 'அட்டாச்மெண்ட்ஸ்'. கதை நடப்பது 1999இல், அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒமாஹா நகரத்தில். இங்கேயும் நாளிதழ் அலுவலகம்தான். 2000 பிறக்கும்போது கணினிகளெல்லாம் நின்றுவிடுமோ என்று உலகமே பயந்துகொண்டிருந்த காலம். ஊழியர்களுக்கு இணையமும் மின்னஞ்சலும் கொடுத்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வார்களோ என்று நிர்வாகமும் பயப்படுகிறது. சந்தேகத்துக்குரிய சொற்கள் வரும் கடிதங்களைத் தனியே பிரித்துவைக்க ஒரு மென்பொருள். அவற்றைப் படித்து எச்சரிக்கை அனுப்ப, இரவு நேர வேலையில் லிங்கன் என்ற இளைஞன். பெத், ஜெனிஃபர் என்ற இரு தோழிகளின் கடிதங்கள் அவன் முன்னால் மறுபடி மறுபடி வந்து நிற்கின்றன. பெத் திரைவிமர்சனம் எழுதுகிறவள். ஜெனிஃபர் பிரதி திருத்துகிறவள். தங்கள் கடிதம் கண்காணிக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் எழுதுகிறார்கள். அவன் எச்சரிக்கை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. படித்துக்கொண்டே இருக்கிறான். முகத்தையே பார்க்காமல் பெத் மீது காதல் கொள்கிறான்.

கதையின் நடுவில் வரும் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், முடிவைச் சொல்லமாட்டேன். அலுவலகத்தில் தான் பார்த்த ஓர் அழகான ஆணைப் பற்றிப் பெத் தோழிக்கு எழுதுகிறாள். அந்த ஆள் தான்தான் என்று படித்துக்கொண்டிருக்கும் லிங்கனுக்குப் புரிகிறது. வேறு நாவலாக இருந்தால் அங்கே இருவரையும் சேர்த்துவைத்துக் கதையை முடித்துவிடலாம். ரோவல் அப்படிச் செய்யவில்லை. அவள் கடிதத்தைத் திருடிப் படித்த நான் எந்த முகத்தோடு அவள் முன்னால் போய் நிற்பது என்ற கேள்வி அங்கேதான் அவனைப் பிடித்து உலுக்குகிறது. அவளைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும், அவனைப் பற்றி அவளுக்கு ஒன்றுமே தெரியாது. இந்தச் சமனில்லாத நிலையில் தொடங்கும் உறவு நேர்மையானதாக இருக்க முடியாது என்பதை லிங்கன் உணர்கிறான். அவனை ஒரு நல்ல மனிதனாக நாம் ஏற்பது அந்த உணர்வுக்காகத்தான்.

இதே கேள்வியை 2024இல் நேட்டலி சூ மறுபடி கேட்டார். அவருடைய 'ஐ ஹோப் திஸ் ஃபைண்ட்ஸ் யூ வெல்' நாவலின் நாயகி ஜோலீன், ஈரானிய வம்சாவளிக் குடும்பத்துப் பெண். உடன் வேலை செய்பவர்கள் மீதுள்ள எரிச்சலை மின்னஞ்சலின் அடியில் வெள்ளை எழுத்தில் எழுதிவைப்பது அவள் வழக்கம். வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்து யார் கண்ணுக்கும் தெரியாதல்லவா? ஒருநாள் நிறத்தை மாற்ற மறந்து மாட்டிக்கொள்கிறாள். தண்டனையாக அவள் கணினிக்குக் கட்டுப்பாடு போடுகிறார்கள். அதைப் போடும்போது நடந்த தவறால், அலுவலகத்தார் அனைவரின் கடிதங்களும் அவள் திரையில் திறந்துகொள்கின்றன. ஆட்குறைப்பு வரப்போகிறது என்று தெரிந்ததும், வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவள் அவற்றைப் படிக்கிறாள். தான் வெறுத்த ஒவ்வொருவரும் வீட்டில் என்னென்ன துயரத்தைச் சுமக்கிறார்கள் என்று தெரியவருகிறது. மனிதவளத் துறைக்குப் புதிதாக வந்த கிளிஃப் மீது காதலும் வருகிறது. சிரிப்பு மெல்லக் குறைந்து, தனிமையைப் பற்றிய கதையாக அது கனத்துவிடுகிறது. லிங்கனைப் போலவே அவளும், தெரிந்துகொள்ளக் கூடாததைத் தெரிந்துகொண்ட பாரத்தோடு காதலிக்க வேண்டியிருக்கிறது.

இந்த நாவல்களில் நாளிதழ் அலுவலகம் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. எழுதிப் பிழைப்பவர்கள் ஒருவருக்கொருவர் நன்றாக எழுதிக்கொள்வதை நாம் சந்தேகிப்பதில்லை. ரோவல் ஒமாஹா நாளிதழ் ஒன்றில் பத்தி எழுதியவர். லண்டன் விளம்பர நிறுவனம் ஒன்றின் மின்னஞ்சல்களாலேயே 'இ' என்ற அங்கத நாவலை 2000இல் எழுதிய மாட் போமாண்ட், விளம்பர வாசகம் எழுதும் தொழிலில் இருந்தவர். தேயர் தந்திக்காரர். வேலையை உள்ளிருந்து அறிந்தவர்கள் எழுதியதால்தான் அந்தக் கடிதங்களில் உயிர் இருக்கிறது.

வடிவத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. முத்தமிடும்போது யாரும் மின்னஞ்சல் எழுத மாட்டார்கள். முக்கியமானது எல்லாமே கடிதத்துக்கு வெளியே நடந்தாக வேண்டும். கேபட் இதையே பலமாக்கிக்கொண்டார். நடந்ததை மெலிசா தோழிக்கு ஒருவிதமாகச் சொல்கிறாள், அதே இரவை ஜான் அண்ணனுக்கு வேறுவிதமாகச் சொல்கிறான். இரண்டுக்கும் இடையில் நடந்தது என்னவென்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். ரோவலோ பெண்களின் பகுதியைக் கடிதமாகவும் லிங்கனின் பகுதியை வழக்கமான கதையாகவும் மாற்றி மாற்றி எழுதினார். அவன் படிக்கிறவன், எழுதுகிறவனல்லன். எனவே அவனுக்குக் கடிதம் இல்லை. வடிவமும் பொருளும் இவ்வளவு இயல்பாகப் பொருந்துவது அபூர்வம்.

மின்னஞ்சல் போய் அரட்டைச் செயலி வந்த பிறகும் இந்த மரபு நிற்கவில்லை. கால்வின் காசுல்கி 2021இல் எழுதிய 'செவரல் பீப்பிள் ஆர் டைப்பிங்' முழுக்க ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியின் உரையாடல்தான். ஜெரால்டு என்ற ஊழியனின் மனம் அந்தச் செயலிக்குள் சிக்கிக்கொள்கிறது. வெளியே கிடக்கும் அவன் உடம்பைப் பார்த்துக்கொள்ள வந்த சக ஊழியர் பிரதீப்போடு அவனுக்கு நெருக்கம் உண்டாகிறது. வேலையே மனிதனை விழுங்கிவிடும் காலத்துக்கு ஏற்ற கற்பனை.

நேயர்களே, இந்தக் கதைகளில் பெரும்பாலும் யாரும் கண்டதும் காதல் கொள்வதில்லை. படித்ததும்தான் காதல் கொள்கிறார்கள். முகத்தைப் பார்த்து மயங்குவதைவிட இது மேலானது என்பது என் எண்ணம். ஒருத்தி எப்படி யோசிக்கிறாள், தோழிக்குத் துன்பம் வந்தால் என்ன சொல்லித் தேற்றுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொண்டு வரும் அன்பு அது. அந்த அன்புக்கு ஒரு நிபந்தனை உண்டு. மறைந்திருந்து படித்தவன் வெளியே வந்து உண்மையைச் சொல்ல வேண்டும், பொய்ப் பெயரில் எழுதியவன் சொந்தப் பெயரில் எழுத வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அப்புறம் அவள் விருப்பம். அந்த உரிமையை அவள் கையில் கொடுக்கிற நாவலே இந்த வகையில் நல்ல நாவல்.

ஆங்கிலத்தில் படிக்கும் பழக்கமுள்ளவர்கள் 'அட்டாச்மெண்ட்ஸ்' நாவலிலிருந்து தொடங்குங்கள். வாய்விட்டுச் சிரிக்க வேண்டுமென்றால் கேபட்டை எடுங்கள். தமிழில் எழுதும் இளைய எழுத்தாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கணினி முன்னால் நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும் தலைமுறை நம்மிடமும் உண்டு. அவர்களுடைய கடிதங்களைக்கொண்டு ஒரு நல்ல காதல் நாவல் எழுதுங்கள், படிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.