மாரி காலத்து அடுப்படி

(தோட்ட மாதர் கூட்டமொன்றில் திருகோணமலையைச் சேர்ந்த ஒரு தாய் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"மாரி காலத்தில உங்கட ஊர்ச் சனம் என்ன சமைக்குது, அதைச் சொல்லுங்கோ" என்று கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பட்டம் படித்தவள் இல்லை. நாற்பது வருசமாக அடுப்படியில் நிற்கிறவள். எங்கட ஊரில் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அடிக்கடி கூடி, யார் வீட்டில் என்ன சமையல், எதில் மிச்சம் பிடித்தார்கள் என்று பேசிக்கொள்ளுவோம். நிலாவெளியிலிருந்து வருவார்கள், கிண்ணியாவிலிருந்து முஸ்லிம் சகோதரிகள் வருவார்கள், 1977 கலவரத்துக்குப் பிறகு உங்கட மலைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறின குடும்பத்துப் பெண்களும் வருவார்கள். அங்கே கேட்டது, நான் செய்து பார்த்தது, இரண்டையும் கலந்துதான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

திருகோணமலையில் குளிரா என்று நீங்கள் சிரிப்பீர்கள். நுவரெலியாவில் தை மாதம் புல்லுக்கு மேலே பனி உறைந்து கிடக்கிற மாதிரியெல்லாம் எங்களுக்கு இல்லை. எங்களுக்குக் குளிர்காலம் என்றால் மாரி. ஐப்பசியில் வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் தை வரைக்கும் விடாது. துறைமுகத்துக்கு வெளியே கடல் கொந்தளிக்கும். சித்திரை தொடக்கம் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வந்து வாடி போட்டுத் தொழில் செய்தவர்கள் எல்லாம் அதற்கு முன்னமே வள்ளத்தை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கட ஆட்கள் தம்பலகாமம் குடாவுக்குள்ளேயும் களப்பிலேயும் வலை போட்டு, கிடைத்த இறாலையும் நண்டையும் கொண்டு வருவார்கள். அதுவும் நாளைக்கு நாள் நிச்சயமில்லை.

வயலும் அப்படித்தான். பெரும்போகம் மழையோடு விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர் என்று எங்கே பார்த்தாலும் மார்கழியில் வயல் பச்சையாக நிற்கும், பார்க்க அழகு. ஆனால் வீட்டில் நெல்லு மூட்டை அடி தட்டியிருக்கும். கடலும் இல்லை, அறுவடையும் இல்லை. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் மழையென்றால் வேலையும் இல்லை. உங்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுகிற மாதத்தில் கடைக் கணக்கு எப்படி ஏறும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதனால் எங்கட மாரிச் சமையல் மாரியில் தொடங்குவதில்லை. அது ஆடி வெயிலிலேயே தொடங்கிவிடும். மீன் மலிந்த நேரம் பாரை, கட்டா, திருக்கை, சூடை, நெத்தலி என்று எது மலிவோ அதை வாங்கி, கீறி உப்புப் போட்டு, பாயிலே காய வைப்போம். நிலாவெளி உப்பளம் பக்கத்தில் இருக்கிறபடியால் எங்களுக்கு உப்புக்குக் குறைவில்லை. காய்ந்ததைக் கடதாசியில் சுற்றி, அடுப்புக்கு மேலே பரணில் தொங்கவிடுவோம். புகை பட்டால் புழு வைக்காது, ஈரமும் ஏறாது.

இந்தக் கருவாடு லொறியில் ஏறி உங்கட கடைக்கும் வருகிறது. உங்கட பக்கத்துக் குளிரில் சாக்குக்குள்ளே கிடந்து ஈரம் பிடித்துவிடும். வாங்கும்போது விரலால் அழுத்திப் பாருங்கள், மணந்து பாருங்கள். சிவந்து பிசுபிசுத்ததை, பூஞ்சணம் பிடித்ததை விலை குறைவென்று எடுக்க வேண்டாம். நிலக்கடலையும் சோளமும் இதைவிட மோசம். பூஞ்சணம் பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு இருக்கும், வறுத்தாலும் போகாது. கழுவித் துடைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பழக்கம் எங்கட ஊரிலேயும் இருக்கிறது, சொல்லிச் சொல்லித்தான் சிலர் விட்டிருக்கிறார்கள்.

கருவாட்டுக் கறி வைக்கிற முறையைக் கேட்டீர்களென்றால், வீட்டுக்கு வீடு வேறு. எனக்குப் பிடித்தது இது. கருவாட்டை வெந்நீரில் பத்து நிமிசம் ஊறப் போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தரம் கழுவுங்கள். பிரசர் உள்ளவர்கள் வீட்டில் இதைக் கட்டாயம் செய்யவேண்டும், உப்பு கொஞ்சம் அதிலே குறையும். கத்தரிக்காய் அல்லது முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உள்ளி, வெந்தயம். புளித்தண்ணீரில் வேகவிட்டு, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். உப்பு வேறாகப் போடத் தேவையில்லை. மலையகத்திலிருந்து வந்து குடியேறின அக்கா ஒருவர் கத்தரிக்காய்க்குப் பதிலாகப் பலாக்கொட்டை போட்டு வைத்தார். எங்கட ஆட்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள்!

மாரியில் எங்களுக்குச் சும்மா கிடைக்கிறது கீரை. ஒரு மழை விழுந்தால் வேலியெல்லாம் முசுட்டை, மொசுமொசுக்கை, தூதுவளை. வயல் வரம்பில் வல்லாரை, பொன்னாங்காணி. முருங்கை கேட்கவே வேண்டாம். தடிமன், இருமல் என்றால் மொசுமொசுக்கைக் கஞ்சி. சிவப்புப் பச்சையரிசி ஒரு பிடி, உள்ளி நாலு பல்லு, வேர்க்கொம்பு ஒரு துண்டு, நிறையத் தண்ணீர். அரிசி குழைந்த பிறகு தேங்காய்ப்பால் விட்டு, அரைத்து வடித்த இலைச்சாற்றைக் கடைசியாக ஊற்றி ஒரு கொதி வந்தவுடன் இறக்க வேண்டும். கனக்கக் கொதிக்க விட்டால் பச்சை நிறமும் போய்விடும், சத்தும் குறைந்துவிடும். உங்கட சிங்கள அயலவர்கள் வைக்கிற கொலகெந்தவும் இதே சாமான்தான். இங்கே வல்லாரை கானோரமெல்லாம் முளைக்கிறது, வரும்போதே பார்த்தேன். ஆனால் ஒன்று, மலைக்கு மருந்தடிக்கிற இடத்துக் கீரையைப் பிடுங்காதீர்கள். லயத்தின் பின்பக்கம் ஒரு பாத்தி போதும், முருங்கை குளிருக்கு வராத இடத்தில் பொன்னாங்காணித் தண்டை ஊன்றிவிட்டால் அது தன்பாட்டில் படரும்.

இனி மாவுக்கு வருகிறேன். இது உங்களுக்கும் எங்களுக்கும் பொதுவான கதை. விடியற்காலையில் நீங்கள் தட்டுகிற ரொட்டிக்கு மா எங்கேயிருந்து வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? இந்த நாட்டில் கோதுமை விளைவதில்லை. கப்பலில் எங்கட துறைமுகத்துக்கு வந்து, சீனக்குடாவில் 1980 இல் தொடங்கின பிறிமா ஆலையில் நிறைய அரைபடுகிறது. அந்த மாவில் ரொட்டி, தேங்காய் சம்பல், சாயத்தண்ணி. இதிலேயே காலையும் பகலும் போகிற வீடுகள் இங்கே எத்தனை! 2022 இல் மா விலை மடங்கு மடங்காக ஏறினபோது அந்த ரொட்டியும் சின்னதானது. எங்கட பக்கமும் பாண் வாங்கிறதை நிறுத்தினார்கள்.

வெள்ளை மா பசியை அடக்கும், சத்து தவிட்டோடு போய்விட்டது. ரொட்டியை விடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொன்னால் நீங்கள் என்னைப் பஸ் ஏற்றி விட்டுவிடுவீர்கள். அதற்குள்ளே ஏதாவது போடுங்கள் என்றுதான் சொல்லுகிறேன். எங்கட வீட்டில் மாரி மாதம் மூன்றில் ஒரு பங்கு குரக்கன் மா கலப்போம். பொடியாக அரிந்த கீரை இரண்டு பிடி, வெங்காயம், வறுத்து இடித்த நெத்தலி. இப்படிச் சுட்டால் சம்பல் இல்லாமலே தின்னலாம், மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் வசதி. இன்னொன்று, மாவை அவித்து வைக்கிற முறை. கோதுமை மாவைத் துணியில் கட்டி, முக்கால் மணித்தியாலம் ஆவியில் அவித்து, சூட்டோடு உதிர்த்து அரித்து, ஆறவிட்டு டின்னில் போட்டால் சில நாளைக்குக் கெடாது. பின்னேரம் வேலை விட்டு வந்து கொதிதண்ணீர் தெளித்துக் குழைத்தால், கால் மணித்தியாலத்தில் பிட்டு. கீரை போட்டு அவித்தால் கீரைப் பிட்டு. நாள் முழுக்கக் கூடை சுமந்து வந்த பொம்பிளைக்கு இந்தக் கால் மணித்தியாலம் பெரிய விசயம்.

விறகையும் சொல்லவேண்டும். மாரியில் ஈர விறகுப் புகைதான் எங்களுக்குப் பெரிய கரைச்சல். நாங்கள் கோடையில் சிரட்டை, பாளை, பன்னாடை, பனை ஊமல் எல்லாம் சேர்த்துத் தாவாரத்தில் அடுக்கி வைப்போம். நீங்கள் கவ்வாத்து நேரம் மிலாறு சேர்க்கிறீர்கள், அதுவும் நல்ல விறகு. ஆனால் காயாமல் எரித்தால் புகை. குளிருக்காகக் கதவையும் யன்னலையும் அடைத்துவிட்டு, அந்தக் காம்பராவுக்குள்ளேயே பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஊதினால், பிள்ளையின் நெஞ்சுச்சளி எந்தக் கஞ்சிக்கும் போகாது. நாளைய விறகை இன்றைய அடுப்போரம் வைத்துக் காய விடுங்கள். சமைக்கிற நேரம் மட்டுமாவது ஒரு கதவைத் திறந்து வையுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான கதை. எங்கட கூட்டத்தில் ஒருநாள், "நேற்று ராத்திரி நீங்கள் ஒவ்வொருவரும் என்ன சாப்பிட்டீங்க?" என்று ஒருவர் கேட்டார். சமைத்ததை எல்லோரும் சொன்னார்கள். "சமைச்சதைக் கேட்கேல்ல, நீங்க சாப்பிட்டதைச் சொல்லுங்கோ" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு சகோதரி மெல்லமாகச் சொன்னா: "கறி முடிஞ்சிட்டு, சட்டியில சோத்தைப் போட்டுப் பிரட்டித் திண்டன்." அடுத்தவ, "தேத்தண்ணியும் கொஞ்சம் சீனியும்." மீன் வருகிற காலத்தில் எல்லோருக்கும் இருக்கும். மாரியில் குறைகிற பங்கு யாருடையது? பெரியவருக்கு, பிள்ளைகளுக்கு, மாமாவுக்கு, கடைசியில் எங்களுக்கு. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளும் அதே வரிசையில்தான் நிற்கிறாள்.

உங்கட வீட்டிலும் இதுதான் என்று எனக்குத் தெரியும். கிளினிக்கில் இரத்தம் சோதித்து, "குருதிச் சோகை" என்று அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். இரும்புச்சத்துக் குளிசை தருவார்கள், திரிபோஷா தருவார்கள். குளிசை வயிற்றைப் பிரட்டுகிறதென்று தட்டில் கிடக்கும், திரிபோஷாவை வீட்டிலுள்ள அத்தனை பேரும் பங்கு போடுவார்கள். அது அந்தத் தாய்க்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. தேங்காய்ப்பூவும் கொஞ்சம் சீனியும் போட்டு உருண்டை பிடித்து, அவளுக்கென்று ஒரு டின்னில் தனியாக வையுங்கள். பின் வாங்கில் இருக்கிற ஐயாமார் இந்த இடத்தைக் கவனமாகக் கேட்டால் நல்லது. அந்த டின்னுக்குக் காவல் இருக்கிற வேலை உங்களுடையது.

தேயிலை மலைக்கு வந்து நின்று தேத்தண்ணியைக் குறை சொல்லுகிறாளே என்று கோபிக்காதீர்கள். சாப்பாட்டோடு சாப்பாடாகச் சாயத்தண்ணி குடித்தால், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, தேயிலைச் சாயம் அதைப் பிடித்துக்கொள்ளும். குளிசையோடு குடித்தாலும் அப்படித்தான். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு சூடாக ஏதாவது வேண்டுமென்றால் மல்லித் தண்ணீர், ரசம், இல்லையென்றால் வெறும் வெந்நீர். கீரை வறைக்கு இறக்கின பிறகு தேசிக்காய்ப் புளி விடுங்கள். புளி விட்டால் சத்துக் கூடச் சேரும். காசு செலவில்லாத விசயம் இது.

கடைசியாக ஆற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். உங்கட மலையில் ஊறி ஓடுகிற மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில்தான் கடலில் விழுகிறது. உங்களுக்கு மழை என்றால் இரண்டு நாளில் எங்களுக்கு வெள்ளம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். இங்கே பதுளை, கண்டி, நுவரெலியா, மாத்தளைப் பக்கம் மண்சரிந்து வீடுகளை மூடியது. அங்கே மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்து, மூதூர், வெருகல் பக்கத்துச் சனம் வீட்டை விட்டு ஓடியது. இரண்டு பக்கமும் பள்ளிக்கூடங்களில் படுத்துக்கொண்டு, சமைத்த பார்சலுக்காகக் காத்திருந்தோம். பார்சல் கொடுத்த கைகளைக் கும்பிட வேண்டும். ஆனால் ஆறு மாதப் பிள்ளைக்கு அந்தச் சோறும் காரக் கறியும் சரிவராது.

அதனால் எங்கட கூட்டத்துப் பெண்கள் மாரி தொடங்க முன்னம் ஒரு மூடி போட்ட வாளி கட்டி வைக்கிறோம். வறுத்து இடித்த அரிசிமா, வறுத்த பயறு, சீனி, உப்பு, வேர்க்கொம்பு மல்லித் தூள், ஒரு சுண்டு, ஒரு சின்னப் பானை, நெருப்புப்பெட்டியைப் பொலித்தீன் பையில் சுற்றி. கிளினிக் அட்டையும் குளிசையும் அதற்குள்ளேதான். வெந்நீர் கிடைத்தால் போதும், அரிசிமாவைக் கரைத்துப் பிள்ளைக்கு ஊட்டலாம். வெள்ளம் வடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீரையோ பீலித் தண்ணீரையோ நன்றாகக் கொதிக்க வைக்காமல் குடிக்கவும் கூடாது, பிள்ளைக்குக் கரைக்கவும் கூடாது. மண்சரிவு எச்சரிக்கை தந்தால் சட்டி பானையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பிள்ளையையும் வாளியையும் தூக்கிக்கொண்டு வெளிக்கிட வேண்டியதுதான்.

நான் கனநேரம் பேசிவிட்டேன். இனி உங்கட முறை. பலாக்கொட்டையை மணலுக்குள்ளே புதைத்து மாதக்கணக்கில் வைக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஈர மணலா, காய்ந்த மணலா, கழுவிப் போடுவதா, கழுவாமலா? தெரிந்த அக்கா யாராவது எழும்பிச் சொல்லுங்கள், எழுதிக்கொண்டு போக வேண்டும்.