வட்டத்திற்கு இல்லாத தொல்லை



மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்லும் சாலையிலே, பனிச்சங்கேணிப் பாலத்தில் நின்று களப்பை நோக்குங்கள். பாலத்தின் நடுவே நீர் ஏறக்குறையச் சீராக ஓடும். பாலம் கரையை முட்டும் இரு முனைகளிலுமோ சுழித்து வளையும். நடுநீரை மட்டும் கணக்கிட்டுத் தோணி விடுபவன் கரையோரத்தில் இடர்ப்படுவான். நேர்கோட்டு மின்மோட்டரை ஆராய்வோர்க்கும் இதே இடர் உண்டு.

நீரிறைக்கும் பொறியிலுள்ள மோட்டர் வட்டமானது. வட்டத்திற்குத் தொடக்கமுமில்லை, முடிவுமில்லை. அதனை ஓரிடத்தில் அறுத்துத் தட்டையாக விரித்ததாக எண்ணுங்கள். சுழலாமல் நேரே ஓடும் மோட்டர் கிடைக்கும். வடதுருவமும் தென்துருவமும் மாறிமாறி வருமாறு நிலைக்காந்தங்கள் பதித்த தடம் கீழே. கம்பிச்சுருள் தாங்கிய இரும்பு வண்டி மேலே. உலோகத்தை நுட்பமாகச் செதுக்கும் இயந்திரங்களில் இது இன்று பயன்படுகின்றது. ஆனால், அறுத்தவிடத்தில் இரண்டு முனைகள் பிறந்துவிட்டனவே!

மின்சாரம் பாயாத வேளையிலும் காந்தம் இரும்பை இழுக்கும். எந்தத் துருவமாயினும் இரும்புக்கு ஒன்றுதான். ஆதலால் வண்டியின் முனை ஒவ்வொரு காந்தத்தைக் கடக்கும்போதும் ஒருகால் முன்னும் ஒருகால் பின்னுமாக இழுபடும். வண்டி வழுக்கிச் செல்லாது தத்திச் செல்லும். நுண்ணிய வேலைக்கு இத்தத்தலே பகை. அன்றியும், நடுச்சுருளுக்கு இருபுறமும் அயற்சுருள் உண்டு, கடைச்சுருளுக்கு ஒருபுறமே. அதனால் மூன்று கட்ட மின்னோட்டமும் சமனிழக்கின்றது. எரிக் லெய்த்வெயிற் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் வளர்த்த தூண்டல் மோட்டரில் வேகம் மிகமிகப் பெருகும் முனைத்தொல்லை வேறொன்று. அது தனிப் பேச்சுக்குரியது.

தடமும் வண்டியும் முடிவின்றி நீள்வனவாகக் கொண்டால், ஒரு சோடிக் காந்தத்தை ஆராய்ந்தாலே போதும்; கணிதம் எளிதாகும். அந்த எளிமையில் மயங்கினால் முனைகள் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். எனவே வண்டி முழுவதையும், அதற்கு அப்பாலுள்ள வெளியையும் சிறுசிறு முக்கோணங்களாகக் கூறிட்டு, கணினியின் துணையால் ஒவ்வொன்றிலும் காந்தப்புலத்தைக் காண்கின்றனர். முனையருகே கூறுகள் மிக நுண்ணியனவாதல் வேண்டும். புலம் வளைவது அங்கேதான்.

இவ்வாறு கணித்தபின் ஓர் அழகிய வழி தோன்றுகின்றது. ஒரு முனை முன்னே இழுபடும் கணத்தில் மறுமுனை அதே அளவு பின்னே இழுபடுமாறு வண்டியின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். எஞ்சும் சிறு இழுப்பை முன்னரே அளந்து வைத்து, அதற்கு எதிரான மின்னோட்டத்தைச் சுருள்களிற் செலுத்தி அடக்குகின்றனர்.