கதைக்கொரு பயிலரங்கு



கதை எழுதக் கற்பிக்க இயலுமா என்று நம் காலனியில் சிலர் ஐயுறுகின்றனர். அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகம் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கெனப் பயிலரங்கு தொடங்கியது. அங்கு ஒருவர் எழுதியதைப் பிறர் முன்னரே படித்துவந்து குறைநிறை பேசுவர். எழுதியவரோ வாய் திறவாது கேட்டிருப்பார். நம்மவர்க்கு இஃது அரிய நோன்பே! நம்மைப்போல் வெளிமாநிலத்தில், செகந்திராபாத்தில், வளர்ந்த அசோகமித்திரன் 1973இல் அப்பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்திற்குச் சென்றார். அவ்வனுபவமே 'ஒற்றன்' நாவலாயிற்று.

நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். எழுதினாலோ படிக்க ஆளில்லை. வீட்டில் பாட்டி ஒருவரே வாசகர். பேரன் எழுதியதெல்லாம் அவருக்கு நன்றே. பள்ளி முடியுமுன் எழுத்தும் நின்றுவிடுகிறது. ஆகவே திங்கள்தோறும் முதல் ஞாயிறன்று சங்க நூலகத்தில் அம்முறையிற் கூடுவோம். கதைப்படிகளை ஒரு வாரம் முன்னரே தந்துதவ வேண்டுகிறோம்.